வெறும் வயிறும் ஒரு கோப்பை பால் தேத்தண்ணியும்

அன்று விடியற்காலை வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அம்மா, நான்.

இல்லாதவர்கள் மூன்று பேர். அப்பா கொழும்பில் ஒரு கடைக்குக் காவல் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை. தங்கச்சி ரேவதி இறம்பொடையில், கட்டிக்கொடுத்த வீட்டில், ஏழு மாத வயிற்றோடு. மூன்றாவது, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தை. தினமும் காலை நாலரை மணிக்கு எங்கள் அடுப்புக்கு முன்னால் வந்து குந்துகிறவர். அன்று வரவில்லை. வராததற்குக் காரணம் நான்தான்.

நாலாவதாக ஒன்றும் அன்றைக்கு வீட்டில் இல்லை. என் மூளை.

இந்த வாரத்துக்குப் பத்திரிகை ஆசிரியர் கொடுத்த விஷயம் என்னவோ இனிப்பானதுதான். "மலையில மழை பிடிச்சிருச்சே தம்பி... சூடான இனிப்பு, சூடான பானம், இதப் பத்தி எழுதுங்க. வாசிக்கிறவங்க எழும்பிப் போய் அடுப்பு மூட்டணும்" என்றார் போனில்.

சரி என்று உட்கார்ந்தேன். எழுதவும் செய்தேன். மழை நாளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், அந்த நீளத் திண்ணை ஸ்தோப்பில் நடந்து போனால் ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஒவ்வொரு வாசம். ஒரு வீட்டில் சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்கும். ஒரு வீட்டில் பாசிப்பயறு அவித்து, தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டுப் பிரட்டுவார்கள். ரொட்டி சுடுகிற வீட்டில் முதல் ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்து, உள்ளே சீனி தூவிச் சுருட்டிக் கொடுப்பார்கள் — சீனி பாதி கரைந்து, பாதி கரையாமல் பல்லில் நறநறவென்று... சவ்வரிசிப் பாயசம் வைத்தால் அது வசதியான வீடு. ரவை வாங்க முடிந்தால் கேசரி.

எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. செய்ததில் ஒரு தட்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். போன தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. அவர்கள் செய்த ஏதாவது அதில் இருக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற மலையில் நாள் முழுக்க நனைந்து, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்து, உடுப்பு மாற்றியதும் செய்கிற முதல் வேலை இதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, அடுத்ததாகப் பால் தேத்தண்ணி என்று எழுதினேன்.

அதோடு பேனா நின்றுவிட்டது.

என்னால் இன்னும் அந்த வார்த்தையைச் சாதாரணமாக எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் மற்றதை எழுத முடியும்.

*

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். பிடித்தால் ஆள் இரண்டாக மடங்கிவிடுவார். முதல் தடவை பிடித்தபோது கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாராம். வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்திருக்கிறார். நாலாவது தடவை பிடித்தபோதுதான் என்னிடம் சொன்னார். நான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஸ்கேன் எடுத்தார்கள். கல் ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருந்தது.

ஆபரேஷன் செய்தால்தான் தீரும் என்றார்கள். தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு நாங்கள் காத்திருந்தது ஐந்து மாதம். பொங்கல் கழிந்து பெயர் பதிந்தது. மழை இறங்கிய பிறகுதான் எங்கள் முறை வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கடிதம், ஃபோம், வங்கிச் சீட்டு, மருந்துத் துண்டு... எந்தக் காகிதமாக இருந்தாலும் என் கைக்குத்தான் வரும். எங்கள் வீட்டுக் காகிதம் மட்டுமல்ல, எங்கள் லயத்துக் காகிதம் பாதியும். நான் வாசித்துச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. "தம்பி சொல்லிட்டான்" என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு பெருமை உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அம்மாவை வார்டில் சேர்க்கப் போனோம். கட்டில் காலியில்லை. "நாளைக்குக் காலை ஆறரைக்கு நேரே வாங்க. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஒண்ணும் கூடாது. சாப்பாடும் கூடாது, குடிக்கவும் கூடாது. வெறும் வயிறு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஒரு நர்ஸ் மிஸ். சிங்களத்தில் சொன்னார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒருமுறை அல்ல, பஸ் நோர்வூட் வந்து சேர்வதற்குள் நாலு முறை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதினேன்: 'இரவு பத்துக்குப் பிறகு எதுவும் கூடாது. தண்ணீர்கூடக் கூடாது.' முன்கதவில் உள்பக்கமாக ஒட்டினேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவா இருக்கு எழுத்து" என்றார்.

*

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் பாக்கியம் அத்தை. மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அதற்குள் ஒரு தட்டை அணைத்துக்கொண்டு நின்றார். தட்டு இன்னொரு தட்டால் மூடியிருந்தது. மூடி ஓரத்தால் ஆவி வந்தது. கேசரி.

"தம்பி, அம்மா எங்க? சூடு ஆறதுக்குள்ள ரெண்டு வாய் குடு. நாளைக்குக் கத்தி வைக்கப் போறாங்க, இன்னைக்காவது வாய் இனிக்கட்டும்."

"வேணாம் அத்தை. அம்மா சாப்புடக் கூடாது."

"பத்து மணிக்கு மேலதானே கூடாதுன்னாங்க? இப்ப மணி ஆறு."

"நெய் இருக்கும். கல்லுக்கு நெய் கூடாது."

"நெய் விக்கிற வெலையில நான் நெய் ஊத்துறனா? தேங்காண்ணதான்டா."

"எண்ணெயும் கூடாது. எடுத்துட்டுப் போங்க அத்தை."

"அப்ப நீ சாப்புடு."

உள்ளேயிருந்து அம்மா குரல்: "வாங்கி வையேன்டா. மழையில வந்து நிக்கிறா..."

எனக்கோ பயம். வீட்டுக்குள் கேசரி இருந்தால் அம்மா ஒரு கிள்ளு எடுப்பார். ஒரு கிள்ளு எடுத்தால் வலி பிடிக்கும். வலி பிடித்தால் ஆபரேஷன் நடக்குமா? தேதி என்னாகும்? இப்படியே என் மண்டை ஓடிக்கொண்டிருந்தது. தட்டை வாங்காமலே சொன்னேன்:

"வீட்டுக்குள்ள வேணாம் அத்தை. இன்னைக்கு ஒண்ணும் வேணாம். தயவுசெஞ்சு போங்க."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு என்றால் என்ன என்று தெரியும்.

"மண்ணெண்ண ஊத்தியா கிண்டிக் கொண்டாந்தேன்?" என்றார். "சரிங்க பெரிய டாக்டரு. கதவ அடச்சிக்கிங்க. கேசரி உள்ள வந்துரப் போகுது."

கொண்டுவந்த தட்டைக் கொண்டுவந்தபடியே எடுத்துக்கொண்டு போனார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. எங்கள் லயத்தில் ஒரு தட்டு வெறுமையாகத் திரும்புவதே குறை. நிறைந்தபடி திரும்பினால்? நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதும் திருப்திதான். ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டேன் அல்லவா?

*

எங்கள் தோட்டத்தில் விடிகிற விதம் இப்படி. நாலு, நாலரைக்கு அம்மா எழும்புவார். அடுப்பு மூட்டுவார். தேத்தண்ணி ஊற்றுவார். முதலில் எழும்புகிறவர் ஊற்றி, மற்ற எல்லோருக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. படுக்கையில் எழும்பி உட்கார்ந்ததும் கையில் கோப்பை இருக்கும். பல் விளக்குவதுகூட அதற்குப் பிறகுதான் சில வீடுகளில். அதை யாரும் 'குடித்தேன்' என்று கணக்கெடுப்பதில்லை. மூச்சு விட்டதை யாராவது கணக்கெடுப்பார்களா?

இதனால்தான் எனக்குப் பயம். அம்மா வழக்கப்படி எழும்பி, வழக்கப்படி ஊற்றி, வழக்கப்படி குடித்துவிட்டால்? ஆகவே அவருக்கு முன்னால் எழும்பி அடுப்பைக் காவல் காக்க முடிவு செய்தேன். போனில் நாலு மணிக்கு அலாரம். அடிக்க முன்பே விழித்துவிட்டேன்.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பாதையில் ஏதாவது மண் சரிந்திருக்குமோ? ஓட்டோக்காரன் வருவானா? ஆறரைக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களா? இப்படியே நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குளிர் எலும்புக்குள் இருந்தது. அம்மா முகம் கழுவச் சுடுதண்ணி வேண்டுமே என்று அடுப்பை மூட்டினேன். காய்ந்த தேயிலை மிளாறுச் சுள்ளி சடசடவென்று பிடித்துக்கொண்டது. கேத்தலை வைத்தேன்.

தண்ணி கொதித்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்திலும் நான் 'தேத்தண்ணி ஊற்றப் போகிறேன்' என்று நினைத்த ஞாபகம் இல்லை. தண்ணி கொதித்தது, கை மேலே பலகைத் தட்டுக்குப் போனது, தேயிலை டப்பா வந்தது. மனம் பாதையில் மண்சரிவு பார்த்துக்கொண்டிருந்தது. கை இஞ்சியைத் தட்டிக்கொண்டிருந்தது.

நினைத்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான். பால்மா.

எங்கள் வீட்டில் காலையில் எப்போதும் சாயத்தண்ணிதான், பால் போடாதது. டின்னில் வரும் அந்தப் பால்தூள் விற்கிற விலைக்கு அது விருந்தாளிக்கும் காய்ச்சல்காரருக்கும். ஆனால் அன்று அம்மாவுக்கு ஆபரேஷன். பாவம், இந்தக் குளிரில்... என்று இரண்டு கரண்டி, குவித்துப் போட்டேன். கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. நன்றாக ஆற்றி, நுரை பொங்க, அம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாலாடா?"

"ம். குளிருதில்ல, சூட்டோட குடிங்க."

குடித்தார். முழுவதும். அடியில் தங்கிய கருப்பட்டியை விரலால் வழித்தும் எடுத்தார். நானும் ஒரு கோப்பை குடித்தேன். மணி ஐந்து.

சிவப்பில் எழுதிய தாள் முன்கதவில் பத்திரமாக இருந்தது. அடுப்படியில் இருந்து பார்த்தால் அது தெரியாது. ஆபத்து வெளியே இருந்துதான் வரும் என்று நினைத்தவன் வேறு எங்கே ஒட்டுவான்?

*

ஓட்டோ வந்தது. பாதையில் மண் சரியவில்லை. ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். எல்லாம் சரியாக நடக்கிறது என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

வார்டில் மிஸ் கேட்டார், நேற்றிரவுக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டாரா, குடித்தாரா என்று.

"ஒண்ணும் இல்ல மிஸ்" என்றேன், நல்ல சிங்களத்தில். "ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி. அதுக்குப் பெறகு தண்ணிகூட இல்ல."

மிஸ் எழுதிக்கொண்டார். அம்மாவுக்குப் பச்சை உடுப்புக் கொடுத்தார்கள். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி என் கையில் தந்தார் அம்மா. காதும் மூக்கும் வெறுமையாக அவரைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. "போய் ஏதாச்சும் குடிச்சிட்டு வா. மொகம் வெளுத்திருக்கு" என்றார்.

கென்டினுக்குப் போனேன். கூட்டம். என் முறை வந்ததும் ஒரு பால் தேத்தண்ணி கேட்டேன்.

"இஞ்சி போடவா?"

போடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரம் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். விரலில் இஞ்சி வாசம்.

காலையில் நான் தட்டிய இஞ்சி.

காசைக் கொடுத்தேனா, கோப்பையை வாங்கினேனா, தெரியாது. படியேறிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடிக்குத் திரும்பும் இடத்தில் நின்றேன். இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. நின்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் என்ன? ஒரு கோப்பைதானே? இதுவரை கரைந்திருக்காதா? சொன்னால் தேதி போகும். ஐந்து மாதம் காத்திருந்த தேதி. இன்னொரு ஐந்து மாதமா? அதற்குள் வலி வந்தால்? அதோடு... 'தண்ணிகூட இல்ல' என்று நல்ல சிங்களத்தில் சொன்ன ஆள் நான்தானே? அந்த மிஸ்ஸின் முகத்தைப் பார்ப்பது எப்படி?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். கீழிருந்து நோயாளியைக் கிடத்தும் ஒரு தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஏறிவந்தார்கள். வழியை விடு என்று அதட்டினார்கள். காலி வண்டி. யாருக்கு அந்த வண்டி என்று நினைத்ததும் மேலே ஓடினேன்.

மிஸ்ஸிடம் சொன்னேன். இந்த முறை சிங்களம் வரவில்லை. பாதி சிங்களம், பாதி தமிழ், மீதி கை. அவர் எழுதிவைத்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பிப் போனார். ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது.

"என்ன குடிச்சவா?"

"தேத்தண்ணி சேர்."

"வெறுந்தேத்தண்ணியோ, பால் விட்டதோ?"

"பால்... பால் போட்டதுங்க சேர். ரெண்டு கரண்டி."

அவர் ஒரு மூச்சு விட்டார்.

"வெறுந்தேத்தண்ணி எண்டாலும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்திருக்கலாம். பால் அப்பிடி இல்லைத் தம்பி. அது வயித்தில நிக்கும். மயக்கத்தில மேல வந்து நெஞ்சுக்குள்ள போச்செண்டால் ஆளையே கொண்டு போயிடும். பால் இறங்கி முடியிறதுக்குள்ள இண்டைக்கு ஒப்பரேசன் தியேட்டர் நேரம் முடிஞ்சிடும். வேற திகதிதான்."

பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "ஓடி வந்து சொன்னது நல்லது. கன பேர் சொல்லுறேல்லை" என்றார்.

ஒவ்வொரு நாளும் ஊற்றுகிற சாயத்தண்ணியை ஊற்றியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். பிரியத்துக்காக நான் கூட்டிப் போட்ட அந்த இரண்டு கரண்டிதான் கெடுத்தது.

*

அம்மா மறுபடியும் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் தோட்டையும் மூக்குத்தியையும் திருப்பிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்றோம்.

"அம்மா... உங்களுக்காவது ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு."

"என்னது?"

"கோப்பையக் கண்டப்பவே ஞாபகம் வந்துச்சு. கூடாதுன்னு நேத்து நாலு தடவை சொன்னியே." தோட்டின் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார். "ஆனா நீ குடுக்கிற. பால் வேற போட்டிருக்க. கூடாதுன்னா நீ குடுப்பியா? படிச்சவன், விசாரிச்சிருப்பன்னு நெனச்சேன்."

விரலை மறுபடி மோந்து பார்த்தேன். இஞ்சி வாசம் இன்னும் போகவில்லை.

போனில் ரேவதி கத்தினாள். "அண்ணே, கேசரியத் திருப்பி அனுப்பிட்டுப் பாலக் குடுத்தியா? நல்லாருக்கு. நம்ம அத்தை அடுப்படியில இருந்திருந்தா கைய முறிச்சிருக்கும்." அது உண்மைதான். அத்தை வழக்கம்போல நாலரைக்கு வந்திருந்தால் நான் பால்மா டின்னைத் தொட்டதுமே கேட்டிருப்பார். அவரை வராமல் செய்தவன் யார்?

புதுத் தேதி கொடுத்தார்கள். நல்லவேளை, ஐந்து மாதம் இல்லை. நாற்பத்தொரு நாள்.

அந்த நாற்பத்தொரு நாளும் மழை விடவில்லை. ஒவ்வொரு முறை அம்மா விலாவில் கையை வைக்கும்போதும் நான் எழும்பி நிற்பேன். மூன்று தடவை வலி வந்தது. அதில் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாதையில் மரம் விழுந்து வண்டி போக வழியில்லை. அம்மா கம்பளியைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தார். சத்தம் கேட்டுப் பாக்கியம் அத்தை ஓடிவந்தார். முதுகைத் தடவிக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வலி அடங்கியதும் எழும்பிப் போய்விட்டார்.

உதவிக்கு வந்தார். ஆனால் தட்டு வரவில்லை. பக்கத்தில் பயறு அவிகிற வாசம் வரும், சுக்கு கொதிக்கிற வாசம் வரும். எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும்.

"அவ அனுப்ப மாட்டா" என்றார் அம்மா. "நெறைஞ்ச தட்டு திரும்பிப் போயிருக்கு. இனி நம்ம வீட்டுலேருந்துதான் மொதல்ல போகணும்."

லயம் முழுக்கக் கதை பரவிவிட்டது. ஓட்டோக்காரன் ஒவ்வொரு நாளும் கேட்பான்: "என்னா சேர், இன்னைக்கு யாருக்கு பால் ஊத்துனீங்க?" எனக்குச் சிரிப்பு வராது. பால் ஊற்றுவது என்றால் எங்கள் பக்கம் வேறு எதற்கு என்று உங்களுக்கும் தெரியும். மயானத்திலிருந்து தப்பி வந்த அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மாடிப்படியில் நின்ற அரை நிமிஷம் ஞாபகம் வரும்.

*

இந்தத் தடவையும் கட்டில் இல்லை, காலையில் நேரே வரச் சொல்லிவிட்டார்கள். நாற்பதாவது நாள் சாயங்காலம் அத்தை பாயோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அடுப்படிக்குள் போய்ப் பால்மா டின், தேயிலை டப்பா, இஞ்சி, கருப்பட்டி, நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கொண்டார்.

"அத்தை, இந்தத் தடவை நான் கவனமா இருக்கேன்."

"நீ கவனமா இருந்துதானே போன தடவை நடந்துச்சு" என்றார். நாற்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

விடியற்காலை எழும்பினேன். மழை. குளிர். அடுப்படிக்குள் போனேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை — கை தானாக மேலே தட்டுக்குப் போனது. இருட்டில் தடவியது. வெறும் பலகை.

"தேடு, தேடு" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எல்லாம் என் தலைக்கடியில இருக்கு."

அன்று ஆபரேஷன் முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் குடிக்க முதலில் அனுமதி கிடைத்தது தண்ணிக்கு, பிறகு சாயத்தண்ணிக்கு. பால் போடாதது. நானே ஃபிளாஸ்கில் வாங்கிக் கொண்டுபோனேன். மிஸ்ஸிடம் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஊற்றினேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "விசாரிச்சிட்டியா?" என்றார். கண் சிரித்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் ரவை வாங்கி வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை கேசரி கிண்டினேன். அம்மா படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். "கைய விடாமக் கிண்டு... ஏன்டா விட்ட?" கட்டி கட்டியாக வந்தது. ஒரு பக்கம் அடிப்பிடித்தது. இருந்தாலும் சூடாக இருந்தது. தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் அத்தை வாசலில் போய் நின்றேன்.

திருப்பி அனுப்பிவிட்டால்?

அத்தை மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கல்லெல்லாம் அங்கேயே எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. ஒன்னோட கேசரிக்குள்ள இருக்கே?"

வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு தட்டோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதில் அவித்த பயறு இருந்தது. மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் கருப்பட்டித் துண்டு. ஆவி பறந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மழைக்கு மிகவும் ஏற்ற சூடான பானம் பால் தேத்தண்ணிதான். ஆனால் ஊற்றும் முன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கோப்பைக்கு ஆனது மொத்தம்: நாற்பத்தொரு நாள், மூன்று வலி, ஒரு தட்டு கேசரி.